கடற்கரைப் பந்தயமும் ஒரு புட்டித் தண்ணீரும்

சனி, ஞாயிறு விடுமுறையைக் கழிக்க ஒரு குடும்பம் கடற்கரைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம், அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான் டியாகோ நகரின் மிஷன் விரிகுடா. பொழுது இன்னும் நன்றாகப் புலரவில்லை. தாய் மணலில் விரிப்பை விரித்து, காற்றில் பறக்காமலிருக்க நான்கு மூலைகளிலும் செருப்புகளை வைக்கிறாள். மகன் வாளியில் மணலை அள்ளத் தொடங்கிவிட்டான். மகள் மட்டும் கையில் ஒரு தண்ணீர்ப் புட்டியோடு நீரின் விளிம்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அங்கே, தலையில் ரப்பர்க் குல்லாய் அணிந்த சில நூறு பேருக்கு நடுவே அவளுடைய தந்தையும் நிற்கிறார்.

குழல் ஊதப்படுகிறது. அத்தனை பேரும் நீரில் பாய்கிறார்கள். தந்தை நீந்திக் கரையேற வேண்டும். ஈர உடலோடு சைக்கிளில் ஏற வேண்டும். சைக்கிளிலிருந்து இறங்கி ஓட வேண்டும். இடையில் ஓய்வு இல்லை. டிரையத்லான் என்னும் பந்தயம் இதுதான். இரண்டு மூன்று மணி நேரத்தில் பிள்ளைகள் தந்தையை நான்கைந்து முறைதான் காண்பார்கள். அதுவும் சில வினாடிகள். மற்ற நேரமெல்லாம் மணல் வீடு கட்டுவதும் காத்திருப்பதும்தான்.

பந்தயத்தின் நடுவே தந்தைக்குக் குடும்பத்தார் எதையும் கொடுக்கக் கூடாது என்பது இன்றைய விதி. வழி நெடுக அமைந்த தண்ணீர்ப் பந்தல்களில் தொண்டர்கள் கொடுப்பதையே அவர் பெறலாம். ஆகவே மகளின் கையிலுள்ள புட்டி, எல்லாம் முடிந்து அவர் வரும்போது கொடுப்பதற்காக. வியர்த்து விறுவிறுத்து வரும் அப்பா அந்தப் புட்டி முழுவதையும் ஒரே மூச்சில் குடித்துவிட வேண்டுமா, வேண்டாமா?

"இது என்ன கேள்வி? குடிக்கத்தானே வேண்டும்!" என்று நீங்கள் நினைப்பீர்கள். பெரிய பெரிய மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அது எப்போதும் சரியல்ல என்று கண்டுகொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன. சில உயிர்களும் போயின. அந்த வரலாற்றில் இந்தக் கடற்கரைக்கும், பந்தயம் ஓடுபவர்களின் குடும்பத்தாருக்கும் முக்கியமான பங்கு உண்டு.

மனிதன் செய்த விரிகுடா

மிஷன் விரிகுடா இயற்கை தந்த வடிவில் இன்று இல்லை. ஒரு காலத்தில் அது சேறும் நாணலும் நிறைந்த கழிமுகச் சதுப்பு நிலம். 'பொய் விரிகுடா' என்றே பழைய நாளில் அதற்குப் பெயர். 1940களில் நகரத்தார் அதைத் தூர்வாரத் தொடங்கினார்கள். தோண்டிய மணலையும் வண்டலையும் கொண்டே தீவுகளையும் கடற்கரைகளையும் அமைத்தார்கள். இப்படி உருவானது சுமார் 4,200 ஏக்கர் பரப்புள்ள ஒரு நீர்ப் பூங்கா. அதில் ஏறத்தாழப் பாதி நீர், பாதி நிலம்.

பெருங்கடலின் அலைகள் இதன் உள்ளே வருவதில்லை. குளம்போல் அமைதியான நீர். அதை ஒட்டிப் புல்வெளி. புல்வெளியை ஒட்டிச் சமதளமான சாலை. நீந்தவும் ஓடவும் சைக்கிள் விடவும் ஒரே இடத்தில் வசதி. இப்படிப்பட்ட இடத்தில் இந்தப் பந்தயம் பிறந்ததில் வியப்பில்லை.

அகராதியில் இல்லாத சொல்

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பொதுமக்களிடையே ஓட்டப் பயிற்சி ஒரு மோகமாகவே பரவியது. சான் டியாகோ ஓட்டக்காரர் சங்கத்தில் ஜாக் ஜான்ஸ்டன் என்பவர் உறுப்பினர். அந்நகரில் டேவிட் பெய்ன் என்பவர் தமது பிறந்த நாளையொட்டி ஓட்டமும் நீச்சலும் கலந்த ஒரு போட்டியை நடத்திவந்தார். அதில் கலந்துகொண்ட ஜான்ஸ்டனுக்கு, இதே போன்ற ஒன்றை நாமும் நடத்தினால் என்ன என்று தோன்றியது. அதே சங்கத்தைச் சேர்ந்த டான் ஷனஹன் என்பவர், சைக்கிளையும் சேர்த்துக்கொள்ளலாமே என்றார். இரண்டு மூன்றாயிற்று.

மூன்றுக்கும் சேர்த்து என்ன பெயர் வைப்பது? ஐந்து போட்டிகள் சேர்ந்தது பென்டத்லான். பத்து சேர்ந்தது டெகத்லான். 'அத்லான்' என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பரிசு, போட்டி என்று பொருள். ஆகவே மூன்று சேர்ந்தது டிரையத்லான். வெற்றிக் கோப்பை செய்பவர், அந்தப் பெயரை எப்படி எழுத்துக் கூட்டிப் பொறிப்பது என்று கேட்டாராம். ஜான்ஸ்டன் அகராதியைப் புரட்டினார். அந்தச் சொல் அதில் இல்லை. பென்டத்லானைப் பின்பற்றித் தாமே எழுத்துக் கூட்டிக் கொடுத்தார்.

இதற்கு முன் இப்படிப்பட்ட முயற்சிகளே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். பிரான்சில் மார்ன் ஆற்றங்கரையில் 1920களிலேயே ஓட்டம், சைக்கிள், நீச்சல் மூன்றையும் சேர்த்துப் போட்டிகள் நடந்திருக்கின்றன. 1904இல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் டிரையத்லான் என்ற பெயரிலேயே ஒரு போட்டி இருந்தது. ஆனால் அதில் இருந்தவை நீளத் தாண்டல், குண்டு எறிதல், 100 கஜ ஓட்டம் ஆகியவை. பெயர் ஓரிடத்திலும் பொருள் வேறிடத்திலுமாகத் திரிந்தவை மிஷன் விரிகுடாவில் ஒன்றுசேர்ந்தன.

1974 செப்டம்பர் 25, புதன்கிழமை. வேலை முடிந்து வந்தவர்களுக்காக மாலையில் தொடங்கிய அந்தப் பந்தயத்தில் 46 பேர் கலந்துகொண்டனர். மொத்தத்தில் சுமார் 10 கிலோமீட்டர் ஓட்டம், 8 கிலோமீட்டர் சைக்கிள், 450 மீட்டருக்குச் சற்று அதிகமான நீச்சல். இவற்றையும் துண்டு துண்டாகப் பிரித்து மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஓட்டத்தில் ஒரு பகுதி, புல்லிலும் மணலிலும் வெறுங்காலோடு. கடைசியாக நீரில் இருந்தவர்கள் கரையேறுவதற்குள் இருட்டிவிட்டது. கார்களின் முன்விளக்குகளைப் போட்டு அவர்களுக்கு வழிகாட்ட வேண்டியதாயிற்று! முதலில் வந்தவர் பில் பிலிப்ஸ். ஒரு மணிக்கும் குறைவான நேரத்தில் முடித்துவிட்டார்.

ஆனால் நம் கவனத்துக்குரியவர்கள் அவருக்குப் பின்னால் வந்தவர்களில் சிலர். ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி, அவருடைய மனைவி ஜூடி, பள்ளியில் படிக்கும் அவர்களுடைய மகள், மகன் ஆகிய நால்வரும் அன்று சேர்ந்து கலந்துகொண்டார்கள். குடும்பமாகக் கடற்கரைக்குப் போனவர்கள் குடும்பமாகவே பந்தயத்திலும் இறங்கினார்கள். கரையில் உட்கார்ந்து பார்ப்பவர் யார், ஓடுபவர் யார் என்ற பிரிவே அன்று இல்லை.

ஹவாய்த் தீவில் ஒரு வாக்குவாதம்

அடுத்த ஆண்டு காலின்ஸ் குடும்பம் பசிபிக் பெருங்கடலிலுள்ள ஹவாய்த் தீவுகளுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே 1977இல் ஒரு தொடர் ஓட்டத்தின் பரிசளிப்பு விழா. நீச்சல்காரர்களுக்கா, ஓட்டக்காரர்களுக்கா, யாருக்கு உடல் உறுதி அதிகம் என்று ஒரு வாக்குவாதம் எழுந்தது. அளந்து பார்த்ததில் மிக அதிகமாகப் பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறன் பெற்றவர் பெல்ஜிய நாட்டுச் சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ் என்று ஒரு பத்திரிகையில் வந்திருப்பதாகக் காலின்ஸ் குறிப்பிட்டார். அப்படியானால் மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிடுவோமே என்றும் ஒரு யோசனை சொன்னார்.

ஒஹாஹு தீவில் ஏற்கெனவே 3 பெரிய போட்டிகள் நடந்துவந்தன: வைகீகி கடல் நீச்சல், தீவைச் சுற்றிச் சைக்கிள் பந்தயம், ஹோனலூலு மராத்தான். இவற்றை ஒரே நாளில், ஒன்றன் பின் ஒன்றாகச் செய்து முடிக்க வேண்டும். 3.86 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.195 கிலோமீட்டர் ஓட்டம். முதலில் வருபவரை 'இரும்பு மனிதர்' என்று அழைப்போம் என்றார் காலின்ஸ். 'அயர்ன்மேன்' என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

மிஷன் விரிகுடாவில் நீச்சல் இருட்டில் முடிந்ததல்லவா? இங்கே நீச்சலை முதலில் வைத்துவிட்டார்கள். களைத்தவன் சாலையில் உட்காரலாம். கடலில் உட்கார முடியாது. இன்றும் உலகெங்கும் நீச்சலே முதலில் வருவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

1978 பிப்ரவரி 18, சனிக்கிழமை காலை 15 பேர் கடலில் இறங்கினார்கள். வழியில் தண்ணீர்ப் பந்தல் எதுவும் கிடையாது. ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய தண்ணீரும் உணவும் கொடுக்கத் தம்முடைய துணையாட்களைத் தாமே அழைத்துவர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. துணையாட்கள் என்றால் யார்? நண்பர்களும் குடும்பத்தாரும்தான். அவர்கள் வாகனங்களில் பக்கத்திலேயே தொடர்ந்து வந்து, கேட்டபோதெல்லாம் கொடுத்தார்கள்.

எவ்வளவு கொடுப்பது, எதைக் கொடுப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஜான் டன்பார் என்பவர் முன்னணியில் இருந்தார். மராத்தான் ஓட்டத்தின்போது அவருடைய துணையாட்களிடம் தண்ணீர் தீர்ந்துவிட்டது. கையில் இருந்தது பீர் மட்டுமே, அதையே கொடுத்தார்கள்! டன்பார் தள்ளாடினார். கார்டன் ஹாலர் என்பவர் அவரை முந்திச் சென்று 11 மணி 46 நிமிடம் 58 வினாடியில் முதலாவதாக வந்தார். 12 பேர் முடித்தார்கள். பந்தயத்தை உருவாக்கிய காலின்ஸ் சுமார் 17 மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். மறு ஆண்டு லின் லெமேர் என்பவர் 12 மணி 55 நிமிடத்தில் முடித்து, இதை நிறைவு செய்த முதல் பெண் என்ற பெருமையைப் பெற்றார்.

பீர் கொடுத்த கதை நகைப்புக்குரியது. ஆனால் அதற்குள் ஒரு பெரிய விஞ்ஞானக் கேள்வி ஒளிந்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளச் சற்று உடலின் கணக்கைப் பார்ப்போம்.

உடல் என்னும் அடுப்பு

ஓடும் மனிதனின் உடல் ஓர் எஞ்சின் என்றால், அது அவ்வளவு சிக்கனமான எஞ்சின் அன்று. நாம் செலவிடும் சக்தியில் நான்கில் ஒரு பங்குக்குமேல் இயக்கமாக மாறுவதில்லை, மீதியெல்லாம் வெப்பம். ஒருவர் ஒரு மணி நேரத்தில் 800 கிலோகலோரி செலவிட்டு ஓடுகிறார் என்று கொள்வோம். அதில் 600 கிலோகலோரி வெப்பமாகிவிடும். அந்த வெப்பம் வெளியேறாவிட்டால் 60 கிலோ எடையுள்ள உடலின் சூடு ஒரு மணி நேரத்தில் 10 டிகிரி செல்சியசுக்கும் மேல் ஏறிவிடும். மனிதன் பிழைக்கவே முடியாது.

இந்த வெப்பத்தை வெளியேற்றுவது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலின்மேல் ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆகவே ஓடுபவர் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரை இழக்கிறார். ஒரு மணி நேர ஓட்டத்தில் இது பெரிதல்ல. 12 மணி நேரப் பந்தயத்தில்? இழந்ததையெல்லாம் ஈடு செய்ய வேண்டாமா? கணக்கு எளியதாகத் தோன்றுகிறது. ஆனால் இங்கேதான் வரலாறு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஊசல்போல் ஆடியது.

தண்ணீர் கொடுக்காதே!

பழைய காலத்தில் ஓட்டக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது கெடுதல் என்றே கருதினார்கள். நாம் மேலே சொன்ன 1904 ஒலிம்பிக்கை மறுபடி நினைவுகூருங்கள். அங்கே மராத்தான் ஓட்டம் கொளுத்தும் வெயிலில், புழுதி பறக்கும் சாலையில் நடந்தது. நீரில்லாமல் உடல் எவ்வளவு தாங்கும் என்பதை அறிய விரும்பிய அமைப்பாளர், வழியில் இரண்டே இடங்களில்தான் தண்ணீர் கிடைக்கும்படி வைத்தாராம். 32 பேர் புறப்பட்டு 14 பேர்தான் முடித்தார்கள். வெற்றி பெற்ற தாமஸ் ஹிக்சுக்கு வழியில் அவருடைய உதவியாளர்கள் பிராந்தியும் எட்டிக்கொட்டையிலுள்ள நஞ்சான ஸ்டிரிக்னைனும் கொடுத்து ஓட வைத்தார்கள்! அவர் பிழைத்ததே அதிசயம்.

இந்த மூடநம்பிக்கை மெல்ல மெல்லத் தளர்ந்தது. 1965இல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் மருத்துவர் ராபர்ட் கேட் என்பவர், தம் பல்கலைக்கழகக் கால்பந்து வீரர்களுக்காக உப்பும் சர்க்கரையும் கலந்த ஒரு பானத்தைத் தயாரித்தார். அதுவே பின்னாளில் 'கேட்டரேட்' என்று விற்பனைக்கு வந்தது. 1969இல் தென்னாப்பிரிக்காவின் விண்டம், ஸ்டிரைடம் என்னும் இரு விஞ்ஞானிகள், மராத்தான் ஓட்டத்தில் போதிய நீர் அருந்தாவிட்டால் உண்டாகும் ஆபத்தைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார்கள். ஊசல் திரும்பியது. தண்ணீர் கொடுங்கள், இன்னும் கொடுங்கள் என்ற குரல் எங்கும் கேட்கத் தொடங்கியது.

உலகமே பார்த்த 29 வினாடி

1981இல் ஹவாய்ப் போட்டி, ஒஹாஹுவிலிருந்து பெரிய தீவிலுள்ள கோனாவுக்கு மாறியது. எரிமலைக் குழம்பு இறுகிக் கறுத்த பாறைவெளி. அதன் நடுவே நிழலில்லாத சாலை. அங்கே 1982 பிப்ரவரியில் நடந்த போட்டிக்கு ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி வந்தார். உடற்பயிற்சி பற்றிய தமது ஆய்வுக் கட்டுரைக்குத் தகவல் திரட்டுவதே அவருடைய நோக்கம். ஆனால் பெண்களில் முதலிடத்தில் அவரே ஓடிக்கொண்டிருந்தார்.

எல்லைக் கோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அவருடைய கால்கள் மடங்கின. விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். சுற்றி நின்றவர்களுக்கு ஓடிப்போய்த் தூக்க வேண்டும்போல் இருந்தது. தூக்கினால் அவர் போட்டியிலிருந்து விலக்கப்பட நேரும். எனவே கைகளைக் கட்டிக்கொண்டு பார்க்கவேண்டியதாயிற்று. கடைசிச் சில மீட்டர்களில் கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து சென்று வென்றார். மாஸ் கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்து, கையை நீட்டிக் கோட்டைத் தொட்டார். வித்தியாசம் 29 வினாடி.

தொலைக்காட்சியில் இதைக் கண்ட பலரும் கண்கலங்கினார்கள். பலர் தாமும் டிரையத்லானில் இறங்கினார்கள். களைத்துத் தள்ளாடும் மனிதரைக் கண்டால் உடனே தண்ணீரை நீட்ட வேண்டும் என்ற எண்ணமும் எல்லார் மனத்திலும் பதிந்தது. ஆனால் தள்ளாட்டத்துக்குக் காரணம் எப்போதும் தாகமல்ல. தசைகளில் சேமித்து வைத்த கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைப் பொருள் தீர்ந்துபோயிருக்கலாம். சட்டென்று நிற்கும்போது கால்களில் இரத்தம் தேங்கி, தலைக்குப் போதிய இரத்தம் போகாமல் மயக்கம் வரலாம். அப்போது படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்தினாலே பெரும்பாலோர் தெளிந்துவிடுவார்கள். இவற்றுக்கெல்லாம் அப்பால் யாரும் எதிர்பாராத இன்னொரு காரணமும் இருந்தது.

கணவரையே தெரியவில்லை

தென்னாப்பிரிக்காவில் 'காம்ரேட்ஸ்' என்னும் நெடுந்தூர ஓட்டம் ஆண்டுதோறும் நடக்கிறது. தூரம் சுமார் 90 கிலோமீட்டர். 1981இல் அதில் ஓடிய ஒரு பெண், அக்கால அறிவுரைப்படி வழியெல்லாம் நன்றாக நீர் அருந்தினார். ஆனால் போகப் போக அவருடைய நினைவு தடுமாறியது. துணைக்கு வந்திருந்த கணவரையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கணவர் அச்சமுற்று அவரைப் போட்டியிலிருந்து விலக்கி அழைத்துச் சென்றார். நீர் வற்றியதுதான் காரணம் என்று கருதி, சிகிச்சையிலும் நரம்பு வழியாக மேலும் நீரையே ஏற்றினார்கள். நிலைமை மோசமாகி வலிப்பு வந்தது. உண்மையில் அவர் உடலில் நீர் குறையவில்லை, மிகுந்துவிட்டது!

டிம் நோக்ஸ் என்னும் தென்னாப்பிரிக்க மருத்துவர் இதையும் இது போன்ற மற்ற நிகழ்ச்சிகளையும் ஆராய்ந்தார். மணிக்கணக்கில் நீளும் போட்டிகளில் அளவுக்கு மீறிய நீரே நஞ்சாகலாம் என்று 1985இல் அவரும் அவருடைய குழுவினரும் எழுதினார்கள்.

நீர் எப்படி நஞ்சாகும்? ரசத்தில் உப்பு அளவாக இருக்கிறது; அதில் மேலும் மேலும் வெந்நீரை விட்டால் என்ன ஆகும்? உப்புச் சப்பில்லாமல் போகும். நம் உடலும் அப்படித்தான். 60 கிலோ எடையுள்ளவர் உடலில் ஏறத்தாழ 36 லிட்டர் நீர் இருக்கிறது. இரத்தத்தில் சோடியத்தின் அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். 140 உள்ள ஒருவர் உடலில் மேற்கொண்டு 3 லிட்டர் நீர் தங்கிவிட்டால், 36க்குப் பதில் 39 லிட்டர் ஆகிறது. 140ஐ 36ஆல் பெருக்கி 39ஆல் வகுத்துப் பாருங்கள். சுமார் 129 வரும். வியர்வையோடு போகும் உப்பையும் சேர்த்தால் இன்னும் குறையும்.

சாதாரண நாட்களில் மிகுதியான நீரைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். ஆனால் கடும் உழைப்பின்போது, நீரைச் சேமித்து வை என்று சிறுநீரகத்துக்குக் கட்டளையிடும் வாசோபிரெசின் என்ற ஹார்மோன் தொடர்ந்து சுரந்துகொண்டே இருக்கலாம். வாசல் அடைபட்ட வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததுபோல் ஆகிவிடுகிறது. உப்பு குறைந்த இரத்தத்திலிருந்து நீர் செல்களுக்குள் நுழைகிறது, செல்கள் வீங்குகின்றன. கை, கால் வீங்கினால் இடமுண்டு. மண்டை ஓட்டுக்குள் இருக்கும் மூளை வீங்கினால் போக இடமேது? தலைவலி, வாந்தி, மனக்குழப்பம், வலிப்பு, கடைசியில் மரணம்.

கடைசியில் வருபவருக்கே ஆபத்து

இந்த எச்சரிக்கை உடனே ஏற்கப்படவில்லை. 1996இல்கூட அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி, வியர்வையில் இழந்த நீர் முழுவதையும், அல்லது உடல் தாங்கும் அளவு நீரை, அருந்தும்படி அறிவுரை வழங்கியது. ஊசல் மறுகோடிக்குப் போய்விட்டது.

மறுக்க முடியாத சான்று ஒரு டிரையத்லான் போட்டியிலிருந்தே கிடைத்தது. 1997இல் நியூசிலாந்தில் நடந்த அயர்ன்மேன் போட்டியை முடித்தவர்களில் 330 பேரின் இரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தார்கள். 58 பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர்! அடுத்த ஆண்டு அவர்கள் செய்த சிகிச்சை வேடிக்கையானது: தண்ணீர்ப் பந்தல்களைக் குறைத்தார்கள். சைக்கிள் பாதையில் 12 கிலோமீட்டருக்கு ஒன்றாக இருந்தவற்றை 20 கிலோமீட்டருக்கு ஒன்றாக மாற்றினார்கள். ஓட்டப் பாதையில் 1.8 கிலோமீட்டரை 2.5 ஆக்கினார்கள். அளவறிந்து அருந்தும்படி வீரர்களுக்கும் எடுத்துச் சொன்னார்கள். இந்தக் கோளாறுக்காக மருத்துவ உதவி நாடியவர்கள் 25 பேரிலிருந்து 4 பேராகக் குறைந்தார்கள். எந்த மருந்துக்கு இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் கிடைக்கும்?

2002இல் பாஸ்டன் மராத்தானில் ஓடிய ஓர் இளம்பெண் இதே கோளாறால் உயிரிழந்தார். அதே ஓட்டத்தில் 488 பேரிடம் எடுத்த இரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்ததாக 2005இல் வெளியான ஆய்வு கூறியது. யார் அவர்கள்? பெரும்பாலும் 4 மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டு மெதுவாக ஓடியவர்கள். ஓடத் தொடங்கியபோது இருந்ததைவிட எடை கூடி வந்தவர்கள். முன்னணி வீரருக்குக் குடிக்க நேரமே இல்லை. பின்னால் வருபவரோ ஒவ்வொரு பந்தலிலும் நின்று, இரண்டு மடக்கு அதிகமாகவே குடித்துவிட்டு வருகிறார். ஆகவே ஆபத்து பெரும்பாலும் வீரர்களுக்கு அல்ல. ஆசைக்குக் கலந்துகொள்ளும் சாதாரண அப்பாக்களுக்கும் அம்மாக்களுக்குமே.

2007இல் விளையாட்டு மருத்துவக் கல்லூரி தன் அறிவுரையைத் திருத்தி, அளவுக்கு மிஞ்சி அருந்தக் கூடாது என்றது. 2015இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: தாகம் எடுத்தால் அருந்துங்கள், தாகமே போதுமான வழிகாட்டி. அவர்கள் கூடிய இடம் கார்ல்ஸ்பாட் என்னும் கடற்கரை ஊர். அது சான் டியாகோவுக்குச் சற்று வடக்கே, அதே கரையில் இருக்கிறது. மிஷன் விரிகுடாவில் பிறந்த பந்தயம் எழுப்பிய கேள்விக்கு, 41 ஆண்டுகள் கழித்துப் பக்கத்து ஊரிலேயே விடை எழுதப்பட்டது.

மறுபடி அந்தக் கடற்கரைக்கு

இதற்கிடையே பந்தயமும் வளர்ந்தது. 1989இல் பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில் அனைத்துலகச் சங்கம் அமைந்தது. 2000ஆம் ஆண்டு செப்டம்பர் 16, 17 தேதிகளில், ஒரு சனி ஞாயிறன்று, சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் முதன்முறையாக இடம் பெற்றது. 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம் என்பது ஒலிம்பிக் அளவு. பெண்களில் சுவிட்சர்லாந்தின் பிரிஜிட் மெக்மானும் ஆண்களில் கனடாவின் சைமன் விட்ஃபீல்டும் வென்றார்கள். 2021இல் டோக்கியோவில் கலப்புத் தொடர் போட்டியும் சேர்ந்தது. ஓர் அணியில் இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். 1974இல் மிஷன் விரிகுடாவில் இறங்கிய காலின்ஸ் குடும்பத்திலும் இதே கணக்குத்தான் என்பது நினைவுக்கு வருகிறதல்லவா?

இப்போது நாம் தொடங்கிய இடத்துக்கு வருவோம். வெயில் ஏறிவிட்டது. மணல் வீட்டின் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. அதோ, தந்தை எல்லைக் கோட்டைக் கடந்து வருகிறார். மகள் புட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள்.

அவள் செய்ய வேண்டியது என்ன? முதலில் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். பேசினால் சரியாகப் பதில் சொல்கிறாரா என்று கவனிக்க வேண்டும். தலைவலி, குமட்டல் என்கிறாரா? விரலில் மோதிரம் இறுகும்படி கை வீங்கியிருக்கிறதா? பேச்சு முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறதா? அப்படியானால் தண்ணீரைக் கொடுக்காமல், உடனே மருத்துவக் கூடாரத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வழியெல்லாம் எவ்வளவு குடித்தார் என்பதையும் அங்கே சொல்ல வேண்டும். இரத்தத்தைச் சோதித்துச் சோடியம் மிகவும் குறைந்திருப்பதாகக் கண்டால், மருத்துவர் செறிவு மிகுந்த உப்பு நீரைச் சிறிதளவு நரம்பில் ஏற்றுவார். மூளையின் வீக்கம் தணியும். அன்று காம்ரேட்ஸ் ஓட்டத்தில் தம் மனைவியின் மாற்றத்தை முதலில் கண்டவர் கணவர்தான் என்பதை மறக்க வேண்டாம். ஓடுபவருக்குத் தம் நிலை தெரியாது. அருகில் இருக்கும் குடும்பத்தாருக்குத் தெரியும்.

நல்ல வேளையாக, இந்த அப்பா சிரித்துக்கொண்டே வருகிறார். மகனுடைய மணல் வீட்டைப் பற்றி விசாரிக்கிறார். மகள் புட்டியை நீட்டவில்லை, முதலில் ஒரு கேள்வி கேட்கிறாள்: "தாகமா இருக்கா அப்பா?"

"இருக்கு" என்கிறார் அவர். அவள் புட்டியைக் கொடுக்கிறாள். நான்கு மடக்குக் குடித்துவிட்டு, மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவரும் மணலில் உட்காருகிறார்.